பொட்டுக்காக அரைத்த போல்ட்டுகள்

போன செவ்வாய்க்கிழமை மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். டிப்ளோமா முடித்து, நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து அன்றோடு இரண்டாம் நாள். மஞ்சள் ஹெல்மெட், அளவுக்கு மீறிய சப்பாத்து, பல் தெரியச் சிரிப்பு. வேறு எந்தத் தாயாக இருந்தாலும் அந்தச் சிரிப்பைத்தான் பார்த்திருப்பாள். நான் படத்தை இரண்டு விரலால் விரித்து, அவள் தோளுக்குப் பின்னால் ஓடுகிற நீராவிக் குழாயைப் பார்த்தேன். குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் இரண்டு வட்டத் தட்டுகள் முகத்தோடு முகம் வைத்து முடுக்கப்பட்டிருந்தன. ஃபிளாஞ்ச் என்பார்கள். சுற்றிலும் எட்டு போல்ட். எட்டின் தலைகளும் பளபளவென்று இருந்தன. விரிக்க விரிக்கப் படம் கலங்கியதே தவிர, தலையில் எண் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நான்கு தடவை அழைத்தேன். நான்காவது தடவைதான் எடுத்தாள். போல்ட் தலையில் எட்டுப் புள்ளி எட்டு என்று பொறித்திருக்கிறதா பார்த்துச் சொல் என்றேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு சிரித்தாள்.

“மூஞ்சிய பாருங்கன்னு படம் அனுப்புனா, நீங்க போல்ட்ட பாத்துக்கிட்டு இருக்கீங்களாம்மா? ரெண்டு நாளுதான் ஆகுது வந்து. இவங்க எல்லாம் என்னைய பைத்தியம்னு நெனைப்பாங்க.”

நினைக்கட்டும், அந்தக் குழாய்க்கு நேராக மட்டும் நிற்காதே என்றேன். சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவளும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். நாளைக்குப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

என்னைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் ஏறுமுன் டயர்ச் சில்லில் எத்தனை நட் இருக்கிறது என்று எண்ணுகிற ஆள் நான். கல்யாண மண்டபத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார மாட்டேன். தேர்த் திருவிழாவில் எல்லோரும் அம்மனைப் பார்த்துக் கும்பிடும்போது நான் அச்சைப் பார்த்துக் கும்பிடுவேன். ஹட்டனில் நான் கணக்குப் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் எனக்குத் தெரியும். கேட்காதது மாதிரி நடந்து போவேன். பயந்த பெண்பிள்ளை என்று வீட்டுக்காரரும் நினைத்துக்கொண்டிருக்கிறார். இருபத்தைந்து வருடமாக அப்படியே நினைக்க விட்டிருக்கிறேன். பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்று சொல்வதைவிட, பயந்தாங்கொள்ளி என்று பெயரெடுப்பது சுலபம்.

அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ மண்ணெண்ணெய் வாசம் வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சைக்கிள் செயின் கழுவியிருக்கலாம். என் மூக்கு அதனோடு சந்தனத்தையும் தானாகச் சேர்த்துக்கொண்டது. மண்ணெண்ணெயும் சந்தனமும் ஒன்றாக மணக்கிற இடம் உலகத்தில் ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தேயிலைத் தொழிற்சாலை.

லிந்துலைக்கு அருகில் ஒரு தொழிற்சாலையில் என் முதல் வேலை. உயர்தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் எடுத்துச் சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் கிடைக்காமல் வீட்டில் கிடந்தவளை, ஸ்டோருக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். ஸ்டோர் என்றால் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். ஜன்னல் ஒன்று, மேசை ஒன்று, தரையிலிருந்து கூரை வரை மரத்தட்டு. பெல்ட், பேரிங், கிரீஸ், வால்வு, குழாய்த் துண்டு, போல்ட். தை மாதத்துப் பனிக் காலையில் இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். தொழிற்சாலையில் எல்லோரும் என்னை ‘மிஸ்’ என்றார்கள். கைக்குட்டை வைத்துக்கொண்டு இரும்பைத் தூக்குகிற மிஸ்.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்குத் தலவாக்கலை பஜாரில் இருந்த சிவகாமி இரும்புக் கடை ஒரு காரணம். முதலாளி தர்மலிங்கம், முப்பத்தைந்து வயதிருக்கும், சிடுசிடுப்பானவர், தாயின் பெயரைக் கடைக்கு வைத்திருந்தார். மற்றக் கடைகளில் போல்ட் கேட்டால் நீளமும் தடிப்பும் கேட்டு அள்ளிக் கொடுப்பார்கள். இவர் எதற்கு என்று கேட்பார். கூரைத் தகரத்துக்கா, தண்ணீர்க் குழாய்க்கா, நீராவிக்கா? சொல்லாவிட்டால் கொடுக்க மாட்டார். “நோவ சொல்லாம மருந்து கேட்டா டாக்டரு குடுப்பாரா? வேலைய சொல்லுங்க, போல்ட்ட நான் சொல்றேன்.” பாதிப் பேர் முறைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

குழாய் வாங்கப் போனால் இன்னும் மோசம். வெள்ளை முலாம் பூசிய குழாயின் நுனியில் ஒரு வண்ணக் கோடு இருக்கும். நீலம் நடுத்தரம், சிவப்பு கனம். இரண்டும் தண்ணீருக்கு. நீராவி என்று சொன்னால் அதைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளேயிருந்து கறுப்புக் குழாய் ஒன்றை உருட்டிக்கொண்டு வருவார். உள்ளே நகத்தை விட்டுச் சுற்றிப் பார்க்கச் சொல்வார். தகட்டைச் சுருட்டி ஒட்டிய குழாயென்றால் நகம் ஒரு கோட்டில் தடுக்கும். இந்தக் குழாயில் தடுக்காது, அது தையல் இல்லாமல் இழுத்தது. என் நகம் எப்போதும் கறுத்துக் கிடக்கும்.

போல்ட் தலையில் உள்ள எண்ணை நான் கேட்டபோதுதான் அந்த மனிதர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். எட்டுப் புள்ளி எட்டு என்பதில் முதல் எட்டு, எவ்வளவு இழுத்தால் அறும் என்பது. இரண்டாவது எட்டு, அறுகிற அளவில் பத்தில் எட்டுப் பங்கு வரை இழுத்தாலும் விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும் என்பது. சாதாரண போல்ட் நாலு புள்ளி ஆறு. அறுகிற பலம் அதில் பாதி. அதிலும் பத்தில் ஆறு பங்குக்கு மேல் இழுத்தால் இழுபட்டது இழுபட்டதுதான், திரும்பாது. பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். தடிப்பு ஒன்று, நீளம் ஒன்று, புரி ஒன்று. வித்தியாசம் தலையில் உள்ள அந்த இரண்டு எழுத்து மட்டும்தான். மற்றவர்களுக்கு இரும்பு விற்கிறேன், மிஸ்ஸுக்கு நம்பர் விற்கிறேன் என்று கேலி செய்தார். கணக்குப் படித்தவளுக்கு அது பாராட்டாகவே கேட்டது.

எங்கள் ஃபிட்டர் ராசுவுக்கு இந்தப் பேச்சு ஒன்றும் பிடிக்காது. தோள் அகலமான மனிதர், நாற்பது வயது. தான் முடுக்கியதைத் தான் மட்டும்தான் கழற்ற முடியும் என்பது அவருடைய பெருமை. ஸ்பேனரின் வாலில் இரண்டடிக் குழாய் ஒன்றைச் சொருகி, அதில் தொங்கி முடுக்குவார். இரும்பு ‘க்றிக்’ என்று ஒரு சத்தம் போடும்வரை விடமாட்டார். சிவகாமி கடையைப் பற்றிப் பேச்சு வந்தால், “ஒரு போல்ட்டு வாங்க சாதகம் கேக்குறாரு மிஸ் அந்தாளு. பொருத்தம் பாத்துத்தான் நட்டு குடுப்பாரு போல,” என்பார். சிரித்துக்கொண்டே சொன்னாலும், நீராவி வேலைக்கு அந்தக் கடைச் சாமான்தான் வேண்டுமென்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்.

ஆயுத பூஜைக்கு வருவோம். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குள் அது ஒரு போட்டி. இரண்டு நாள் எல்லா இயந்திரத்தையும் நிறுத்தி, கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றி, மண்ணெண்ணெய்த் தொட்டியில் ஊறப்போட்டுத் தேய்ப்பார்கள். வெளியே தெரிகிற போல்ட் தலைகளை அரைக்கிற எமரி சக்கரத்தில் பிடித்து மினுக்குவார்கள். பிறகு ஒவ்வொரு தலைக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். தோட்டத்தை நடத்துகிற துரை வந்து பார்ப்பார். அடுத்த தோட்டத்தில் இதைவிடப் பளபளப்பு என்று யாராவது சொல்லிவிட்டால் வருடம் முழுக்கக் கேவலம். இரும்பைச் சாமியாகப் பார்க்கிறவர்கள் நாங்கள். சாமியின் முகத்தைத் துடைப்பது போலத்தான் துடைத்தோம்.

அந்த வருடம் புதிதாக வைத்த உலர்த்தி இயந்திரத்துக்கு நீராவிக் குழாய் வந்திருந்தது. அதன் ஃபிளாஞ்ச் சரியாக வாசலைப் பார்த்தபடி, ஆள் மார்பு உயரத்தில், எட்டு இதழ்ப் பூ மாதிரி. பொட்டு வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் தலையில் எழுத்து மேடாக இருந்ததால் சந்தனம் ஒட்டாமல் வழிந்தது. ராசு ஒரு போல்ட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“என்னா மிஸ், பொட்டு நிக்க மாட்டேங்குது. எழுத்த எடுத்துறவா?”

அந்த எழுத்து என்னவென்று அந்தத் தொழிற்சாலையில் தெரிந்த ஒரே ஆள் நான். அதைக் கேட்டுப் படித்து, வீட்டுக்கு வந்து தம்பிக்கும் சொல்லிக் காட்டிப் பெருமைப்பட்ட ஆள் நான். கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் தோரணம் கட்டவில்லை. “லேசா அரைச்சிருங்க,” என்றேன்.

லேசாக அல்ல, கண்ணாடி மாதிரி அரைத்தார்கள். அதே தொட்டியில், அதே கடையில் வாங்கிய தண்ணீர்க் குழாயின் பதினாறு சாதாரண போல்ட்டுகளும் ஊறிக்கொண்டிருந்தன. அவையும் அரைபட்டன. இருபத்து நான்கும் கழுவிக் காய்ந்து சாக்கில் கிடந்தபோது, இருபத்து நான்கும் ஒரே வெள்ளி. ராசு கேட்டார், இதில் நீராவிக்கு எது என்று. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கடைக்கு ஆள் அனுப்பி எட்டுப் புது போல்ட் வாங்கியிருக்கலாம். ஆனால் தெரியவில்லை என்று சொன்னால் மிஸ் எதற்கு? ஒவ்வொன்றாக உள்ளங்கையில் தூக்கி எடை பார்த்தேன். கணக்குப் படித்த பெண், காய்கறி நிறுப்பது போலக் கையில் தூக்கி, கனமாகத் தெரிந்த எட்டைப் பொறுக்கிக் கொடுத்தேன். இரண்டு வகைக்கும் ஒரே எடைதான். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

பூஜை நன்றாக நடந்தது. துரை அந்த எட்டுப் பொட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, காலையில் பாய்லர் சூடாகி நீராவி விட்ட நேரத்தில், அந்த ஃபிளாஞ்ச் பாம்பு மாதிரி சீறத் தொடங்கியது. இழுபட்ட போல்ட் பிடி தளர்ந்து, இடையில் வைத்த கேஸ்கட் அட்டை வழியாக நீராவி கசிந்திருக்கிறது. இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு ராசு வழக்கம்போல ஸ்பேனரையும் இரண்டடிக் குழாயையும் எடுத்துக்கொண்டு போனார். நீராவியை மூடிவிட்டு முடுக்க வேண்டும் என்பது விதி. கொழுந்து காத்துக்கிடந்தது, மூடினால் அரை நாள் போய்விடும். ஸ்டோர் ஜன்னலில் இருந்து அவர் முதுகு எனக்குத் தெரிந்தது. “இன்னும் ஒரு இழுப்பு,” என்றார்.

துவக்கு வெடித்த சத்தம் போல ஒன்று. அடுத்து இன்னும் மூன்று. அதற்குப் பிறகு வந்ததைச் சத்தம் என்று சொல்ல முடியாது. காது அடைத்துவிட்டது. ஜன்னல் வெள்ளையாகிப் போனது. யாரோ பாய்லர்ப் பக்கம் ஓடி வால்வை மூடும்வரை அந்த வெள்ளைக்குள் ராசு இருந்தார். அரை நிமிடம்தான் என்றார்கள். வெள்ளை விலகியபோது அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எழுப்பலாம் என்று கையைப் பிடித்தவர், பிடித்த வேகத்திலேயே விட்டுவிட்டார். தோல் பிடித்த கையோடு வந்துவிட்டது. சட்டையைக் கழற்றப் போனவர்களுக்கு எது சட்டை என்று தெரியவில்லை. ராசு கத்தவில்லை. கத்துவதற்குத் தொண்டை மிஞ்சவில்லை. கொதித்த காற்றை உள்ளே இழுத்திருந்தார். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

டீமேக்கர் ஐயா, தொழிற்சாலைக்குப் பெரியவர், அறுந்து விழுந்த போல்ட் ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். நடுவில் சூடான வெல்லப்பாகை இழுத்தது போல மெலிந்து அறுந்திருந்தது. தலையைத் திருப்பினார். வழவழவென்று ஒன்றும் இல்லாத தலை. மார்க் இல்லாத சாமான் கள்ளச் சாமான் என்பது பஜாருக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த நியாயம். பூஜைக்கு அரைத்தது அங்கே நின்ற பத்துப் பேருக்குத் தெரியும். ஆனால் எழுத்துப் போனதையும் போல்ட் அறுந்ததையும் சேர்த்துப் பார்க்க அவர்களுக்குக் காரணமில்லை. மினுக்கினால் இரும்பு பலம் இழக்குமா? இழக்காது. உண்மைதான். சேர்த்துப் பார்க்கக் கூடியவள் நான் ஒருத்திதான்.

“இத எங்க வாங்குனது மிஸ்?”

“சிவகாமி இரும்புக் கடையிலங்க ஐயா.”

அது பொய்யில்லை. கவனியுங்கள், நான் பொய் சொல்லவே இல்லை. என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கொடூரமான வார்த்தை அந்த உண்மைதான்.

ராசுவை அடக்கம் செய்த அன்று பகல், டீமேக்கர் ஐயா கடை பில்லைப் பொலிஸில் கொடுத்துவரச் சொல்லி என்னைத் தொழிற்சாலை லொறியில் அனுப்பினார். பஜார் தொடங்குகிற வளைவில் லொறி நின்றுவிட்டது. பாதை முழுக்க ஆட்கள். மயானத்திலிருந்து நேராக வந்திருந்தார்கள், பலருடைய வேட்டியில் இன்னும் ஈரமண் இருந்தது. நடுவில் ராசுவின் தம்பி கணேசன். எங்கள் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிறவர், யாரிடமும் உரத்துப் பேசாதவர். தர்மலிங்கத்தைக் கடையிலிருந்து இழுத்துப் பாதையில் போட்டிருந்தார்கள். கணேசன் அறுந்த போல்ட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“எங்கண்ணன அவிச்சுப்புட்டு, நீ கடை தொறந்து ஏவாரம் பாக்குற.”

தர்மலிங்கம் செய்ததை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். உதடு கிழிந்து ரத்தம் ஒழுக, அந்த மனிதர் போல்ட்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அப்போதும் அவருக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இது அரைத்த போல்ட், எமரிக் கோடு தெரிகிறது பாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் காட்டினார். யாரும் பார்க்கவில்லை. பிறகு லொறியில் இருந்த என்னைக் கண்டுவிட்டார். அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதைப் பார்த்தவள் நான்.

“மிஸ், நீங்க சொல்லுங்க. நான் குடுக்கையில நம்பர் இருந்துச்சா இல்லையா?”

எல்லோரும் திரும்பினார்கள். கையில் குழாய், கல், மண்வெட்டி. கணேசனின் கண்ணும் என் மேல். ஆம், இருந்தது, அரைக்கச் சொன்னது நான் என்று சொன்னால் அந்தக் குழாய்கள் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட எனக்கு ஒரு நொடி போதும். கணக்கில் நான் கெட்டிக்காரி.

“எனக்கு ஞாபகம் இல்லைங்க,” என்றேன்.

மரியாதைக்கு ஒரு ‘ங்க’ வேறு.

முதல் அடி தர்மலிங்கத்தின் காதின் மேல் விழுந்தது. அவருடைய கடைக் குழாயால்தான் அடித்தார்கள். நீலக் கோடு போட்டது, நடுத்தரம். அடிக்கிறபோது என் மூளை அதைப் படித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது முழங்காலில். எலும்பு உடைகிற சத்தமும் மரம் உடைகிற சத்தமும் ஒன்றுதான். கீழே விழுந்தபிறகும் கையை விரித்து அந்த போல்ட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையை ஒருவர் சப்பாத்தால் மிதித்துத் திருகினார். சிலர் உள்ளே புகுந்து தட்டுகளைச் சாய்த்தார்கள். ஆணி, போல்ட், வாஷர் எல்லாம் மழை மாதிரி பாதையில் கொட்டின. அதன் மேல் அவரை உருட்டினார்கள். பொலிஸ் வருவதற்குள் களைத்துப்போய்ச் சிலர் நடைபாதையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். கணேசனும் அழுதார். அடிக்கும்போதும் அழுதுகொண்டேதான் அடித்தார். நான் லொறியில் இருந்து இறங்கவே இல்லை. அதற்குப் பிறகு பல மாதம் அந்த வளைவில் பஸ் டயர்கள் ஆணி குத்திக் காற்றுப் போய்க்கொண்டிருந்தன.

தர்மலிங்கம் சாகவில்லை. ஒரு காது போயிற்று, கால் மடங்கவில்லை, வலது கையில் மூன்று விரல் நிமிரவில்லை. இரண்டு வாரம் கழித்து டீமேக்கர் ஐயாவின் அறைக்குப் போய், அரைத்ததையும் கலந்ததையும் சொன்னேன். அவர் ருசி பார்த்த தேநீரைத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்து, மெதுவாகச் சொன்னார். “எடுத்துக் குடுத்தது நீங்க மிஸ். பூச போட சொன்னது நானு. செத்தவரு செத்துட்டாரு. போயி வேலைய பாருங்க.” எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அடுத்த வருடம் ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் லிந்துலையை விட்டு வந்துவிட்டேன். அதற்கு முன்பே தர்மலிங்கம் கடையைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். நீர்கொழும்பு என்றார்கள் சிலர். திருச்சிக்கே போய்விட்டார் என்றார்கள் சிலர்.

படம் வந்த மறுநாள், புதன்கிழமை காலையில் மகள் வேலைக்குப் போய், முதல் வேலையாக என்னை அழைத்தாள். குரலில் நேற்றைய சிரிப்பு இல்லை. எட்டு போல்ட்டில் ஆறில் எண் இருக்கிறது, இரண்டில் இல்லை. பொறியியலாளரிடம் சொல்லியிருக்கிறாள். அவரும் முகம் மாறி, நீராவியை நிறுத்தி இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். லொறியில் இருந்து நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையும் சொன்னேன். 

“அந்த மொதலாளிய அப்புறம் தேடுனீங்களாம்மா?”

“இல்ல.”

“ஒரு தடவ கூடவா?”

குற்றம் சாட்டுகிற குரலில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சனிக்கிழமை ஹட்டனில் நுவரெலியா பஸ்ஸில் ஏறினேன். தேடுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. டீமேக்கர் ஐயா காலமாகிவிட்டார். கணேசன் கொழும்புக்குப் போனவர் திரும்பவில்லை. தொழிற்சாலையை மூடி, உலர்த்தி, பாய்லர், குழாய் எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்கு ஏற்றிவிட்டார்கள். கடைக் கட்டடம் பாதையை அகலமாக்கியபோது இடிபட்டது. கண்டக்டருக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. எங்கே என்று கேட்டார். சிவகாமி இரும்புக் கடையடி என்றேன்.

“அப்படி ஒரு எடம் இந்த ரூட்ல இல்லையே டீச்சர்.”

பின்சீட்டில் லீக்ஸ் கீரைக் கட்டை மடியில் வைத்திருந்த ஒரு பெண் உதவிக்கு வந்தாள். “தலவாக்கலைக்கு அங்கிட்டு வளைவுல, கள்ள போல்ட்டு கடையடிய சொல்றாங்க.”

“அட, அப்படி சொல்லுங்களேன்,” என்று அவர் டிக்கெட்டைக் கிழித்தார். கடை போய், கட்டடம் போய், முதலாளி போய், அடித்தவர்கள் போய், அந்தப் பெயர் மட்டும் பஸ் நிற்கிற இடமாக நின்றுவிட்டது. இது எனக்குப் புதிதில்லை. இத்தனை வருடமும் அந்தப் பக்கம் போகும்போது நானும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறேன். வேறு பெயர் சொன்னால் பஸ் நிற்காதே.

“அவரு கள்ள போல்ட்டு விக்கல தம்பி,” என்றேன். “நல்ல போல்ட்டுதான் குடுத்தாரு. நம்பர அரைச்சிட்டாங்க.”

கண்டக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் மட்டும் லீக்ஸ் கட்டை நகர்த்தி வைத்துவிட்டு, முன்னால் சாய்ந்தாள்.

“யாருங்க அரைச்சது?”

“நான் அரைக்க சொன்னேன்,” என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலவாக்கலை தாண்டியதும் கண்டக்டர் அந்தப் பெயரை உரக்கக் கூவினார். நான் எழுந்து இறங்கினேன். வளைவில் பாதை அகலமாக, புதுத் தாரோடு இருந்தது. கடையின் வாசல் எந்த இடத்தில் இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.